மஞ்சள் எவ்வளவு மஞ்சள்?

அன்புள்ள சார்,

வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் 22 வருடங்களாக இருக்கிறேன். முதலில் மெஷினில் நின்றேன், இப்போது கலர் செபரேஷன், அதாவது படத்தை நாலு இங்க் நிறமாகப் பிரிக்கும் வேலை, பார்க்கிறேன். போன மாதம் நீங்கள் எழுதியதில் ‘தாலிஸ்மான்’ என்ற பிரெஞ்சு ஓவியத்தைப் பற்றி இரண்டே வரி வந்தது. ஒரு காலைப்பொழுதில் காட்டோரத்தில் உட்கார்ந்து போட்ட சின்னப் படம், அதற்குப் பிறகு ஓவியம் பழைய மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரி மண்டையைக் குடைந்ததால் தேடிப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. காடு என்பதே தலைப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது. மெஷின் துடைத்த துணியில் நாலு இங்க்கும் கலந்து கிடக்குமே, அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. ஆனால் துணியைத் தூக்கிப் போட்டுவிடுவேன், இதை அப்படி மூட முடியவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை.

தொழில் ரீதியாக ஒரு சந்தேகம். மூன்று இடங்களிலிருந்து இறக்கிய மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். ஒன்றில் மஞ்சள் எலுமிச்சம்பழம், இன்னொன்றில் மாம்பழம், மூன்றாவதில் ஏறக்குறைய காவி. எது சரி?

அப்புறம், கோகன் என்ற பெரிய ஓவியர் பக்கத்தில் நின்று “மஞ்சளாகத் தெரிகிறதா, மஞ்சளைப் போடு” என்று சொல்லச் சொல்ல இதை வரைந்தவர் போட்டாராம். அப்படியானால் படம் யாருடையது? டிசைனர் சொன்னபடி மெஷின்மேன் ஓட்டினால் அதை மெஷின்மேன் போட்ட படம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. சுருட்டுப் பெட்டி மூடியில் வரைந்தது என்கிறார்களே, அது நிஜமா?

பெயர் போட வேண்டாம். இங்கே எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வாசகர், சிவகாசி

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘அதற்குப் பிறகு ஓவியம் பழைய மாதிரி இல்லை’ என்பது எழுதும் வேகத்தில் வந்து விழுந்தது. ஒரே காலையில் ஓவியம் மாறிவிடாது. மாறியது பாரிஸில் ஐந்தாறு இளைஞர்களின் மனம். அதை எழுதியிருக்க வேண்டும், சோம்பேறித்தனம்.

படம் எவ்வளவு சின்னது என்பதிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு இது சுலபம். ஒரு ஏ4 தாளை எடுத்து நிறுத்துவாட்டில் வைத்துக்கொண்டு உயரத்தில் 2.7 சென்டிமீட்டரை வெட்டிவிடுங்கள். 27க்கு 21.5 என்பது அசலின் அளவு, அகலத்தில் மட்டும் ஏ4ஐ விட அரை சென்டிமீட்டர் கூடுதல். அவ்வளவுதான் படம். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் நான் அதைத் தேடிக்கொண்டு போய், முதல் தடவை கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தனித்தனித் திட்டாகச் சிதறுவது, அந்த அளவில், கையை நீட்டிப் பிடிக்கும் தூரத்தில் கூடிவருகிறது. நீங்களும் வெட்டிய தாளின் அளவுக்கு அதைச் சுருக்கிப் பாருங்கள்.

இனி காடு. படத்தின் முழுப் பெயரில் இடம் இருக்கிறது: தாலிஸ்மான், புவா தமூரில் ஆவென் ஆறு. பிரான்ஸின் மேற்கு முனையில் பிரித்தனிப் பகுதியில் போன்தாவென் என்று ஒரு சிற்றூர். ஆவென் ஆறு பாறைகளுக்கு இடையே புகுந்து அந்த ஊர் வழியாக ஓடுகிறது. பேர்போன ஊர் போன்தாவென், ஆலை பதினாலு, வீடு பதினைந்து என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. ஆலை என்றால் தண்ணீரில் ஓடும் மாவாலை. ஊரை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் மரத்தோப்புதான் புவா தமூர், ‘காதல் வனம்’ என்று பொருள். வனம் என்ற சொல் கொஞ்சம் அதிகம். ஆற்றுக்கும் சரிவுக்கும் நடுவே மரங்கள் விலகி, வெளிச்சம் தரைக்கு இறங்கும் ஒரு திறப்பு, அதில் ஒரு நடைபாதை, அவ்வளவுதான் நமக்குத் தேவை.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்துக்குத் திரும்புங்கள். மேலே இடது பக்கம் அடர்த்தியாக இருப்பது தோப்பு. குறுக்கே போவது நடைபாதை. நட்டுக்குத்தலாக நீலத்தில் நிற்பவை ஆற்றோரத்துப் பீச் (beech) மரங்களின் அடிமரங்கள். வலது பக்கம் பின்னால் வெளிறிய கட்டமாகத் தெரிவது ஒரு மாவாலை. கீழ்ப்பாதியில் இருப்பது தரை இல்லை, தண்ணீர். மேலே இருப்பது அதில் தலைகீழாகக் கிடக்கிறது. கீழே இருப்பது ஆறு என்று புரிந்த கணத்தில் மொத்தப் படமும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதற்கு முன்னால் நானும் அதை உங்கள் மெஷின் துணியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. இந்தப் படம் வரைந்த அதே 1888இல், கோகனின் நண்பரான இளம் ஓவியர் எமில் பெர்னார் தன் 17 வயதுத் தங்கை மதலேனை அதே தோப்பில் படுக்கவைத்து ஒரு பெரிய படம் வரைந்தார். அதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அடிமரங்களும் ஆறும் குழப்பமில்லாமல் தெரியும். அதை ஒரு வரைபடம் மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம்.

இதனால்தான் ‘முதல் அரூப ஓவியம்’ என்று இதற்குப் பட்டம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதை, மரம், ஆலை, ஆறு, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. எதையும் அவர் தூக்கி எறியவில்லை.

சரி, யார் அந்த ‘அவர்’? போல் செருசியே, 1864இல் பிறந்தவர். பாரிஸில் ஜூலியன் அகாதெமி என்ற தனியார் ஓவியப்பள்ளியில் மாணவர் தலைவர் பொறுப்பில் இருந்தார். அதே 1888இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பிரித்தனி நெசவாளர் ஒருவரின் தறிக்கூடத்தை வரைந்து பாராட்டுக் குறிப்பும் பெற்றிருந்தார். அந்தத் தறிப் படத்தையும் தேடிப் பாருங்கள். பழுப்பும் சாம்பலுமாக, பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிசகு இல்லாமல் செய்து காட்டியிருப்பார். அதைப் போட்ட கைதான் சில மாதங்களில் இதையும் போட்டது என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

அந்தக் கோடையைப் போன்தாவெனில் கழித்தும், அங்கே இருந்த கோகனிடம் அவர் கடைசி நாட்களில்தான் போனார். பெர்னார் சொல்லித்தான் போனார். கோகனுக்கு அப்போது 40 வயது, இவருக்கு 24 ஆகவில்லை. அக்டோபரில் ஒரு காலை இருவரும் தோப்புக்குப் போனார்கள். அதே மாதம் 23ஆம் தேதி கோகன் தெற்கே ஆர்ல் நகரத்தில், வான்காவின் மஞ்சள் வீட்டு வாசலில் நிற்கிறார். இடையில் கிடைத்த ஒரு காலைதான் இது.

அங்கே என்ன பேசினார்கள்? நீங்கள் குறிப்பிட்ட வசனம் நமக்குச் செருசியேயின் ஓவிய நண்பர் மொரீஸ் தெனி வழியாக வருகிறது. தெனி அன்று தோப்பில் இல்லை. பாரிஸில் இருந்தார், 18 வயது நிரம்பவில்லை. செருசியே வந்து சொன்னதைக் கேட்டு, கோகன் இறந்த 1903இல், அதாவது 15 வருடம் கழித்து எழுதினார். அதில் கோகன் கேட்பது இப்படி: இந்த மரம் உனக்கு எப்படித் தெரிகிறது? பச்சைதானே? அப்படியென்றால் உன் தட்டில் இருப்பதிலேயே அழகான பச்சையைப் போடு. அந்த நிழல்? கொஞ்சம் நீலம்தானே? எவ்வளவு நீலமாகப் போட முடியுமோ அவ்வளவு நீலமாகப் போடு, பயப்படாதே.

கவனித்தீர்களா? இதில் மரம் பச்சை! நீங்கள் படித்த வடிவத்தில் மரம் மஞ்சள், இலை சிவப்பு, நிழலுக்குக் கலப்பில்லாத அல்ட்ராமெரின் நீலம். இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன. அக்டோபரில் பீச் இலை மஞ்சளாகிக்கொண்டிருக்கும், படத்திலும் மஞ்சள் நிறைய இருக்கிறது, ஆகவே இரண்டாவது வடிவம் படத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. கொஞ்சம் அளவுக்கு மீறியே பொருந்துகிறது என்பது என் சந்தேகம். ஒரே கதையைப் பலமுறை சொல்லும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதுதான் இங்கேயும் நடந்திருக்கும்.

எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒன்று மாறவில்லை. பேச்சு ஒரு கேள்வியில் தொடங்குகிறது. ‘உனக்கு எப்படித் தெரிகிறது?’ எல்லோரும் ‘சுத்தமான நிறத்தைப் போடு’ என்ற இரண்டாவது பாதியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். நிழலை நீலமாகப் போடு என்று கோகன் கட்டளை இடவில்லை. நிழலில் இருக்கும் கொஞ்ச நீலத்தை முதலில் பார்க்கச் சொல்கிறார். பார்த்தபின் அதைக் கடைசி எல்லைவரை தள்ளச் சொல்கிறார்.

இது ஏன் அந்தப் பையனுக்குப் பேரிடியாக இருந்தது என்பதற்கு அந்தக் காலத்துப் பள்ளிப் பாடம் தெரிய வேண்டும். மரத்தை உருண்டையாகக் காட்ட ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. இருட்டைக் கொண்டுவரப் பழுப்பையும் கருப்பையும் கலந்துகொண்டே போக வேண்டும். நிழல் என்றால் அதே நிறம், அழுக்கான நிறம். இம்ப்ரெஷனிஸ்டுகள் இதை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள், நிழலில் நீலத்தையும் ஊதாவையும் போட்டார்கள். ஆனால் அவர்கள் நொடிக்கு நொடி மாறும் வெளிச்சத்தைத் துரத்தினார்கள், சின்னச் சின்னத் தீற்றலாகக் கொத்தினார்கள். செருசியேயின் பலகையில் கொத்தல் இல்லை. ஒரு அடிமரம் முழுக்க நீலம், ஒரு கரை முழுக்க மஞ்சள். ஒவ்வொரு திட்டும் யோசித்து எடுத்த ஒரு முடிவு.

‘அப்படியென்றால் செச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டியதுதானே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. செச்சுரேஷனைக் கூட்டினால் எல்லாம் சேர்ந்தே ஏறும், காலண்டரில் சாமி முகமும் பின்னால் இருக்கும் திரைச்சீலையும் ஒன்றாகச் சிவந்துபோவது மாதிரி. இங்கே ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தைப் பார்த்து ஏறியிருக்கிறது.

சுருட்டுப் பெட்டி விஷயம். அதையும் தெனிதான் எழுதினார். சுருட்டுப் பெட்டி மூடியொன்றில், உருவம் பிடிபடாத ஒரு நிலக்காட்சி, ஊதா, வெர்மிலியன் சிவப்பு, வெரோனீஸ் பச்சை என்று டியூபிலிருந்து வந்தபடியே, ஏறக்குறைய வெள்ளையே கலக்காமல் பூசியிருந்தது என்று விவரிக்கிறார். சில வருடங்களுக்கு முன் இந்தப் படத்துக்காகவே போன்தாவெனிலும் பிறகு 2019இல் ஓர்சேயிலும் கண்காட்சி நடந்தது. அதையொட்டிப் பலகையை ஆய்வு செய்தபோது அது ஓவியர்கள் வெளியிடத்தில் வரைவதற்கென்றே கடையில் விற்ற பாப்லர் மரப் பலகை என்று தெரிந்தது. சுருட்டு வாசனை எல்லாம் கதையோடு சரி. எனக்கு இதில் வருத்தமில்லை. கையில் கிடைத்த மூடியில் கிறுக்கினார் என்பதைவிட, பெட்டியில் பலகையும் டியூபும் எடுத்துக்கொண்டு பாடம் கேட்கத் தயாராகப் போனார் என்பது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. டியூபை மறந்துவிடாதீர்கள். 1841இல் பிதுக்கி எடுக்கும் தகர டியூப் வந்திராவிட்டால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எண்ணெய் வர்ணம் போடுவது பெரும்பாடு. ‘டியூபிலிருந்து வந்தபடியே’ என்ற பேச்சே இருந்திருக்காது.

இனி உங்கள் பெரிய கேள்வி, படம் யாருடையது? பலகையின் பின்பக்கம் செருசியே தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: 1888 அக்டோபரில், கோகனின் வழிகாட்டலில், செருசியே செய்தது, போன்தாவென். உங்கள் தொழிலில் அச்சிட்டது யார் என்று இம்ப்ரின்ட் லைன் போடுவீர்களே, அதே நேர்மை. மெஷின்மேன் உவமையை மட்டும் நான் ஏற்கவில்லை. மெஷின்மேன் கையில் பிளேட் இருக்கிறது, டிசைனர் முடித்துக் கொடுத்த படம் அதில் இருக்கிறது. இங்கே பிளேட் இல்லை. பாட்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட, மாணவன் பாடுகிறான். சங்கதி வாத்தியாருடையது, குரல் அவனுடையது. ‘எப்படித் தெரிகிறது’ என்ற கேள்விக்குப் பதில் செருசியேயின் கண்ணிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். செருசியே ஈரம் சரியாகக் காயாத பலகையோடு பாரிஸுக்குத் திரும்புகிறார். (காயாத என்பது என் கற்பனை. எண்ணெய் வர்ணம் அவ்வளவு சீக்கிரம் காயாது என்பதை வைத்துச் சொல்கிறேன்.) அகாதெமியில் நண்பர்களுக்குக் காட்டுகிறார். தெனி, பொனார், ரான்சன், இபெல்ஸ். அவர்கள் தங்களுக்கு ‘நபி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்த அதே நபிதான், எபிரேயத்திலும் அரபியிலும் தீர்க்கதரிசி என்று பொருள்படும் சொல். பிறகு வுய்யாரும் ரூசெலும் சேர்ந்தார்கள். ரான்சனின் ஓவியக்கூடத்தில் சனிக்கிழமை கூடுவார்கள், அதற்குக் ‘கோயில்’ என்று பெயர். ஆளுக்கொரு பட்டப்பெயர் வேறு, செருசியேக்கு ‘மின்னும் தாடி நபி’. இந்தப் பலகைக்குத் தாலிஸ்மான் என்று பெயர் வந்தது இந்தக் கூட்டத்தில்தான். நம் வழக்கில் தாயத்து. இருபது வயதுப் பையன்கள் ஒரு ஏ4 பலகையைத் தாயத்தாக்கி வைத்துக்கொண்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. 1890இல், 20 வயது நிரம்பும் முன்பே, தெனி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு படம் போர்க்குதிரையாகவோ பெண்ணாகவோ கதையாகவோ ஆவதற்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நிறங்கள் பூசப்பட்ட தட்டையான பரப்பு என்று அதில் வருகிறது. அடுத்த நூற்றாண்டு முழுக்க மேற்கோள் காட்டிய வரி அது. நான் திரும்பப் பெற்ற வாக்கியத்தில் ஏதாவது உண்மை இருந்தால் அது இங்கே இருக்கிறது. பலகை தெனியிடம் வந்து சேர்ந்தது, அவர் குடும்பத்திலேயே இருந்தது, 1985இல்தான் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஆனால் செருசியே? அவர் திரும்ப இப்படி ஒரு படம் போடவே இல்லை. ஜெர்மனியில் பாய்ரோன் என்ற ஊரில் பெனடிக்டின் துறவிகள் நடத்திய ஓவியப் பள்ளிக்குப் போனார். புனித அளவுகள், விகிதங்கள், வடிவக் கணிதம் என்று அதில் ஆழ்ந்துபோனார். பிரித்தனியிலேயே இன்னொரு ஊரில் குடியேறினார். 1921இல் ஓவியத்துக்கு ஒரு அரிச்சுவடிப் புத்தகம் எழுதினார், 1927இல் இறந்தார். பிற்காலப் படங்கள் அடக்கமான, மங்கிய சாயல்களில் இருக்கும். சூடான நிறங்களையும் குளிர்ந்த நிறங்களையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். அவை மோசமான படங்கள் இல்லை, ஆனால் நான் அவற்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றதில்லை. அந்தக் காலையின் பாடத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் பொனாரும் வுய்யாரும்தான். பாடம் கேட்டவன் ஒருவன், பலன் கண்டவர்கள் வேறு. எந்தத் தொழிலிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சளுக்கு வருகிறேன். நாலு கலரில் வெர்மிலியனையும் வெரோனீஸ் பச்சையையும் எவ்வளவு தூரம் பிடிக்க முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெஷல் கலர் போடாமல் அந்தப் பச்சை வராது. (அசல் வெரோனீஸ் பச்சை தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது, விஷம். இங்க் தயாரிப்பவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.) இன்னொரு சிக்கல், அந்தக் காலத்து மஞ்சள்களே நிலையாக நிற்பதில்லை. குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுவதை வான்காவின் படங்களில் ஆய்வாளர்கள் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆக 1888இன் மஞ்சள் எது என்ற கேள்விக்கு ஓர்சேயில் நின்றாலும் முழுப் பதில் கிடைக்காது.

ஆனால் மூன்றில் எது மோசம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும். மஞ்சளைப் பார்க்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய காவிப் படத்தில் அடிமரங்கள் சாம்பலாகிவிட்டன, யாரோ மொத்தமாகச் சூடேற்றியிருக்கிறார்கள். எலுமிச்சைப் படத்தில் நீலம் கத்துகிறது, ஆலையிலும் நீலம் ஏறிவிட்டது. மாம்பழம் என் நினைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் நினைவை நம்ப வேண்டாம், அங்கே போனில் நானே எடுத்த படம் வேறு ஒரு மஞ்சளைக் காட்டுகிறது.

இன்னொன்று, அந்த மாம்பழப் படத்தில் வலது ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள், ஆலையில் பாதியைக் காணோம். ட்ரிம் ஆகாத படமாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.